முதற்சொல் கேட்பு விழா

மனித குலம் நெருப்பைக் கண்ட நாளுக்கும் சக்கரத்தை உருட்டிய நாளுக்கும் அடுத்தபடியாக உலக வரலாற்றில் வைத்து எண்ணத்தக்க நாள், திண்டிவனம் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு மனைவி தன் கணவனின் குரலை முதன்முதலாகத் தெளிவுறக் கேட்கும் நாளே ஆகும்.

சொல்லாழி நெடுஞ்செழியன் தம் விழா உரையை இப்படித்தான் தொடங்கி எழுதியிருந்தார். எழுதி முடித்ததும் மனைவி மலர்விழியை எதிரில் உட்காரவைத்துப் படித்தும் காட்டினார். அவளுக்கு அப்போது காது கேட்காது. அதனால் நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினாள்.

'சொல்லாழி' என்பது பட்டம். திண்டிவனம் வட்டாரச் சொல்வளப் பேரவை அவருக்கு வழங்கியது. பேரவையின் தலைவர் நெடுஞ்செழியன். பட்டம் வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் பொருளாளர் விருத்தாசலம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வழிமொழிய அன்று வேறு யாரும் வராததால் தலைவரே வழிமொழிந்தார்.

மலர்விழி அந்த அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தது கணவரின் குரலைக் கேட்பதற்காக அல்ல. குக்கர் விசிலைக் கேட்பதற்காக. சின்ன வயதிலேயே இரண்டு காதிலும் சீழ் வந்து, வருஷத்துக்கு வருஷம் கேட்பது குறைந்து, நாற்பதைத் தாண்டும்போது சுத்தமாக அடைத்துப்போனது. காதுக்குள் சொருகுகிற மிஷின் ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். அதைச் சொருகினால் காது மூடிக்கொண்டு மறுபடி சீழ் வைத்தது. அது அலமாரியில் பழைய வளையல்களோடு சேர்ந்துவிட்டது. அதிலிருந்து அவள் அடுப்படியில் நின்று குக்கரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டேதான் சோறு ஆக்கினாள். கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவுவது கேட்காது என்பதால் தனியாக பஸ் ஏறுவதில்லை. சென்னையில் வேலையிலிருக்கும் மகன் புகழேந்தி போன் செய்தால், அவன் சொல்வதை நெடுஞ்செழியன் கேட்டு, சுருக்கி, திருத்தி, தமக்குப் பிடித்ததை மட்டும் வாயசைத்துச் சொல்வார்.

விழுப்புரத்து மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கும் அஸ்வினிதான் இந்தப் புது வழியைச் சொன்னாள். சின்னப் பெண், ஆனால் எதையும் புரியும்படி சொல்லத் தெரிந்தவள். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்.

"காது வழியா போற ரோடு குண்டும் குழியுமா கெடக்குதும்மா. அத ரிப்பேர் பண்ண முடியல. அதனால ஊருக்குள்ள போவாம பைபாஸ் போடுறோம். காதுக்குப் பின்னாடி எலும்புல சின்னதா ஒரு ஸ்க்ரூ. அது எலும்போட ஒட்டிக்கிட்டப்புறம், அதுமேல மிஷின க்ளிப் மாதிரி மாட்டிக்கலாம். சத்தம் எலும்பு வழியா நேரா உள்காதுக்குப் போயிடும்."

திருகாணி எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். காத்திருந்த மாதங்களை மலர்விழி எப்படிக் கழித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நெடுஞ்செழியன் விழாவுக்கு ஏற்பாடு செய்து கழித்தார். மனைவி காதில் விழும் முதல் சொல் தம்முடையதாக இருக்க வேண்டும். அது மேடையில் நிகழ வேண்டும். அதை ஊர் பார்க்க வேண்டும். 'முதற்சொல் கேட்பு விழா' என்று ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ஃப்ளெக்ஸில் அவர் ஆளுயரத்துக்கு நின்றார். மிஷின் ஒரு பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. மலர்விழி மூலையில், ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தில், யாரோ போல இருந்தாள்.

விழாவுக்கு முதல்நாள் மிஷின் மாட்ட விழுப்புரம் போனார்கள். அஸ்வினி மாட்டி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, "கேக்குதாம்மா?" என்றாள்.

மலர்விழியின் கண் விரிந்தது. வாயைத் திறந்தாள்.

"கழட்டுங்க! கழட்டுங்க!" என்று நெடுஞ்செழியன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மொத சொல்லு நாளைக்கி மண்டபத்துல!"

"சார், சரியா இருக்குதான்னு பாக்காம எப்படி சார் அனுப்புறது?"

கடைசியில் இது சோதனை, சொல் அல்ல என்று அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். சோதனை முடிந்ததும் மிஷினைப் பெட்டியில் வைத்து வாங்கி மலர்விழி மடியில் கொடுத்து, விழா வரைக்கும் தொடக்கூடாது என்று வாயசைவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பஸ் விழுப்புரத்தைத் தாண்டும் முன்பே தூங்கிப்போனார்.

கூட்டேரிப்பட்டு தாண்டித்தான் விழித்தார். மலர்விழி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். அவள் மடியில் மல்லாட்டைத் தோல், அவித்த வேர்க்கடலைத் தோல், கிடந்தது.

நெடுஞ்செழியன் அந்தத் தோலையே பார்த்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது மல்லாட்டைக்காரன் ஏறுவான், சரி. ஆனால் அவன் ஏறுவது பின்வாசலில். கூவிக்கொண்டு வருவது முதுகுக்குப் பின்னால். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அவன் வந்தது எப்படித் தெரியும்? பெட்டியைப் பார்த்தார். மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

மறுநாள் சாயங்காலம் பல் செட்டைக் கழுவி மாட்டி, கஞ்சி போட்ட ஜிப்பாவில் அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் ஓரளவுக்கு இருந்தது. பிரியாணி என்று விருத்தாசலம் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். மைக் செட் ராஜ்குமார். பேரவைக்கு அவர் மூன்றாவது மைக் செட்காரர். முன்னால் இருந்த இருவரையும் நிறுத்தியாகிவிட்டது. தலைவர் பேசும்போது மட்டும் ஒலிபெருக்கியில் டக் டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வேறு யார் பேசினாலும் வரவில்லை. தலைவரின் குரல்வளத்தைச் சாதாரண மைக் தாங்காது என்று விருத்தாசலம் அதற்கு விளக்கம் சொல்லியிருந்தார். நெடுஞ்செழியனுக்கும் அந்த விளக்கம் நியாயமாகவே பட்டது.

மலர்விழியை முதல் வரிசையில் நடுவில் உட்காரவைத்து, மாலை போட்டு, மிஷினை மாட்டினார்கள். நெடுஞ்செழியன் மைக்கைப் பிடித்தார். நெருப்பிலிருந்து தொடங்கினார். சக்கரத்துக்கு வந்தார். எலும்பு வழியே ஒலி செல்லும் விந்தையை விளக்கினார். "எலும்பு பொய் சொல்லாது! எலும்புக்கு எல்லாம் கேட்கும்!" என்று மேசையைத் தட்டினார். தட்டும்போதெல்லாம் மனைவியைப் பார்த்தார்.

மலர்விழி முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு திரும்பி ராஜ்குமாரைப் பார்த்தாள். ராஜ்குமார் உடனே குனிந்து ஏதோ ஒயரைத் தேடினார். பிறகு மறுபடி கணவரின் முகத்தை, குறிப்பாக வாயை, கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அம்மையார் அவர்கள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள்!" என்று விருத்தாசலம் இன்னொரு மைக்கில் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நெடுஞ்செழியன் முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் நடத்தியவர். அழும்போது அவள் தோள் அப்படிக் குலுங்காது என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "அழுதியா?"

"இல்லியே."

"அப்ப சிரிச்சியா?"

"அத்தினி பேரு முன்னாடி மாலையப் போட்டு குந்த வச்சா வெக்கமா இருக்காதா?" என்றாள் மலர்விழி. இதைச் சொல்லும்போது அவள் அவர் வாயைப் பார்க்கவில்லை. மேலே, மின்விசிறியைப் பார்த்தாள்.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் அவர் வாயையே பார்த்து வந்தவள். சாயங்காலம் அவர் ஒத்திகை பார்க்கும்போது எதிரில் உட்கார்ந்து, உதட்டசைவை விடாமல், இமைக்காமல், முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கேட்பாள். பேரவையில் ஒருத்தன்கூட அப்படிக் கேட்டதில்லை. விருத்தாசலம்கூட நடுவில் போன் பார்ப்பார். உலகத்தில் தமக்கு வாய்த்த ஒரே உண்மையான ரசிகை என்று அவளைப் பற்றி நெடுஞ்செழியன் மனதுக்குள் எண்ணியிருந்தார். அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது.

இப்போது அவர் ஒத்திகையைத் தொடங்கினால் அவள் கண் மின்விசிறிக்குப் போய்விடுகிறது. காதுக்குப் பின்னால் கைபோகிறது. மிஷினை விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். உதட்டைக் கடிக்கிறாள்.

மற்றபடி அவள் ஆளே மாறிப்போனாள். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். "மூணு ஆச்சி" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு வந்து இறக்குகிறாள். மயிலம் கிருத்திகைக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். புகழேந்தி போன் செய்தால் அப்பாவிடம் கொடுப்பதே இல்லை. மிஷினுக்கும் போனுக்கும் ஏதோ தொடர்பு உண்டாம். போனைக் காதில்கூட வைக்காமல், மாடிப்படியில் உட்கார்ந்து, காற்றோடு பேசி, காற்றோடு சிரிக்கிறாள். மகன் இத்தனை வருஷமாக என்னென்ன சொன்னான், அதில் தாம் என்னென்ன சுருக்கினோம் என்பதெல்லாம் இப்போது அங்கே வெளியாகிக்கொண்டிருக்கும் என்று நெடுஞ்செழியனுக்குத் தோன்றியது.

ஜெராக்ஸ் கடையில் விருத்தாசலத்திடம் மனதைத் திறந்தார்.

"என்னமோ நடக்குதுயா. நான் பேசும்போது மட்டும் மூஞ்சி ஒரு மாதிரி போவுது."

விருத்தாசலம் கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார். "தலைவரே, நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சிப்பு இருக்குதுங்க."

"சிப்பா?"

"பின்ன? போனோட சேருதுன்னா சும்மாவா? நீங்க இங்க ஒத்திக பாக்குறீங்க. அது எலும்பு வழியா மிஷினுக்குப் போவுது, மிஷின்லேர்ந்து போனுக்குப் போவுது, போன்லேர்ந்து…" கையை விழுப்புரம் இருக்கும் திசையில் நீட்டினார். "எங்க போவுதுன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. விழுப்புரத்தில் தென்னரசு இருந்தான். தென்னரசுவும் மேடைப் பேச்சாளன், வயதில் சின்னவன், யூடியூபில் அவன் பேச்சை நிறைய பேர் பார்க்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பட்டிமன்றம். நெடுஞ்செழியன் நடுவர், தென்னரசு ஓர் அணித் தலைவன். மலர்விழியை முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று அமைப்பாளர்களே கேட்டிருந்தார்கள்; முதற்சொல் விழாவின் புகழ் அங்கேயும் போயிருந்தது. தென்னரசு பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மறுபடி முந்தானையால் வாயைப் பொத்தினால்?

"அந்த டெஸ்ட் பண்ற பொண்ணு எந்த ஊராம்?" என்று விருத்தாசலம் கேட்டார்.

"கேக்கலியே."

"கேட்டு வச்சிருக்கணும் தலைவரே."

நெடுஞ்செழியன் அன்றே துப்பறியத் தொடங்கினார். மலர்விழி கேப்பைமாவு பிசைந்துகொண்டிருந்தபோது பூனைபோல் பின்னால் போய் நின்று, மூச்சுக்குள்ளேயே, "நேத்து கொழம்புல உப்பு" என்றார்.

"கம்மின்னு நீங்கதான சொன்னீங்க, அதான் போட்டேன்" என்றாள் அவள் திரும்பாமலே.

காது வேலை செய்கிறது. அடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டிமன்றத் தொடக்க உரையை உரத்த குரலில் ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் மாவுக் கையோடு மிஷினைத் தட்டினாள். முதுகு லேசாக ஆடியது.

"என்னா?"

"ஒண்ணுமில்லீங்க. பேட்டரி."

இரவு அவள் மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்ததும், அவள் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். யூடியூபைத் திறந்தார். மேலேயே இருந்தது. தென்னரசு. ஒன்றல்ல, வரிசையாகத் தென்னரசு. கீழே இன்னும் யார் யாரோ பேச்சாளர்கள், ஒரு சாமியார், செய்தி வாசிக்கும் பெண், எல்லாரும் பேசுகிறவர்கள். மனைவி இன்னொருவனோடு ஓடிப்போயிருந்தால்கூட ஊர் அவர் பக்கம் நின்றிருக்கும். இன்னொருவனின் பேச்சைக் கேட்டாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

காலையில் அவள் மிஷினை மாட்டும்வரை காத்திருந்து, போனை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இவன எதுக்குக் கேட்டுக்கினு இருக்க?"

மலர்விழி திகைத்தாள். "சும்மாதாங்க. ஒரு சத்தம் வருதான்னு பாத்தேன்."

"என்னா சத்தம்?"

"டக் டக்குனு ஒண்ணு. எல்லாரு பேச்சுலயும் வருதான்னு…"

"வந்துச்சா?"

"இல்ல."

"இவன் பேச்சுல?"

"இல்ல."

"புகழு பேச்சுல? பக்கத்து வீட்டுக்காரி பேச்சுல?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"அப்ப எம்பேச்சுல மட்டுந்தான் வருதா?" நெடுஞ்செழியன் குரல் உயர்ந்தது. "சொல்லுடி!"

மலர்விழி அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"மிஷின்ல எதுனா கோளாறா இருக்கும்ங்க" என்றாள்.

இரக்கப்பட்டுச் சொன்ன சொல் அது. ஆனால் சொல்லி முடித்த கணமே அவள் செய்த தவறு அவளுக்கே தெரிந்துவிட்டது. நெடுஞ்செழியன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"கோளாறு! அதத்தான் நானும் சொல்றேன்! ஊர்ல எல்லாரு கொரலையும் ஒழுங்கா வுட்டுட்டு எங்கொரல மட்டும் கெடுக்குது. இது தானா வர்ற கோளாறா? யாரோ அப்படி வச்சிருக்காங்க!" அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போன் போட்டார். மிஷினைத் திருப்பி அனுப்ப வேண்டும், கம்பெனி அதைத் திறந்து பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். அஸ்வினி எதிர்முனையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அனுப்பினால் திரும்பிவர ஆறு வாரமாவது ஆகும், மாற்று மிஷின் இப்போது கைவசம் இல்லை, எதற்கும் ஒருதரம் நேரில் வாருங்கள் என்றாள்.

"ஆறு வாரமா?" என்றாள் மலர்விழி. போனில் பேசியது அவளுக்குக் கேட்டிருந்தது. "நல்லாத்தானங்க இருக்குது. நான் ஒண்ணும் சொல்லலியே."

"இத்தினி வருசம் இல்லாமதான இருந்த? ஆறு வாரத்துல என்னா கொறஞ்சிடும்?"

விழுப்புரம் போகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. மிஷின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள், யாரோ பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள் என்பதுபோல. டோல்கேட்டில் மல்லாட்டைக்காரன் ஏறிக் கூவினான். அவன் இறங்கும்வரை அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் நெடுஞ்செழியன் உட்கார்ந்ததும் முதல் கேள்வியைக் கேட்டார். "நீ எந்த ஊரும்மா?"

"திருவெண்ணெய்நல்லூர் சார்."

தென்னரசுவின் சொந்த ஊர் கண்டாச்சிபுரம். இரண்டும் பக்கம் பக்கம்தான் என்று நெடுஞ்செழியன் மனதில் குறித்துக்கொண்டார்.

அஸ்வினி மலர்விழி பக்கம் திரும்பினாள். மிஷின் வைத்த எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள்தான். "அமைதியா இருக்குற எடத்துல ஒருத்தர் பேசினா புரியுதாம்மா?"

"புரியுது."

"கூட்டத்துல? பஸ்ல?"

"நல்லாப் புரியுது."

"முன்னைக்கு இப்ப வாழ்க்கை எப்படி இருக்கு? கேக்குறது சந்தோஷமா இருக்கா?"

மலர்விழி ஒருதரம் கணவரைப் பார்த்துக்கொண்டாள். "பெரும்பாலும்" என்றாள்.

அஸ்வினி மிஷினைக் கழற்றித் துடைத்து, சின்னக் குச்சி போன்ற ஒன்றின் முனையில் மாட்டினாள். "சார், நீங்களே பாத்துடலாம். ரெண்டு காதுலயும் இந்தப் பஞ்சு அடைப்பான வச்சிக்கோங்க. இந்தக் குச்சியக் காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்தி வைங்க. அம்மாவுக்குக் கேக்குற மாதிரியே உங்களுக்கும் கேக்கும்."

நெடுஞ்செழியன் அடைத்துக்கொண்டு, அழுத்தினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் அஸ்வினி. மண்டைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து சொன்னதுபோல் சுத்தமாகக் கேட்டது. அஸ்வினி கைகாட்டினாள், மலர்விழி பேசினாள். "என்னாங்க, கேக்குதா?" அதுவும் சுத்தம். அவள் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவர் கவனித்ததில்லை.

"இப்ப நீங்க பேசுங்க சார்."

நெடுஞ்செழியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனித குலம் நெருப்பைக் கண்ட நாளுக்கும்…"

டக். டக் டக். டக்.

"பாத்தீங்களா!" என்று துள்ளினார். "கேட்டேன்! எங்காதால கேட்டேன்! நீங்க பேசினா இல்ல, அவ பேசினா இல்ல, நான் பேசினா மட்டும் வருது! இதுக்கு என்னா சொல்றீங்க?"

அஸ்வினி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். மலர்விழி வீட்டில் எங்கே பார்ப்பாளோ, அதே உயரம்.

"ஃபேன் சத்தமா?" என்றார் நெடுஞ்செழியன். அஸ்வினி எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். மறுபடி நெருப்பைக் கண்டார். டக் டக். ஏ.சி.யை நிறுத்தினார்கள். சக்கரத்தை உருட்டினார். டக். அறைக்கு வெளியே காத்திருந்த ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"கோளாறு நிரூபணம் ஆயிடிச்சி" என்றார் நெடுஞ்செழியன், குச்சியை மேசையில் வைத்து. "எடுத்து வச்சிக்கோங்க. கம்பெனிக்கு அனுப்புங்க. இத யாரு இப்படி செஞ்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

அஸ்வினி தயங்கினாள். பெரியவர், பட்டம் வேறு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினாள். "சரி சார். அப்ப அனுப்பிடலாம்" என்று முடிவில் மிஷினை எடுக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் மலர்விழி அதை எடுத்துவிட்டாள். குச்சியிலிருந்து பிடுங்கி, காதுக்குப் பின்னால் தானே மாட்டிக்கொண்டாள். அது மாட்டிக்கொள்கிற 'க்ளிக்' ஓசை அறைக்கே கேட்டது.

"பல்லக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றாள்.

"என்னா?"

"பல் செட்டங்க. கழட்டிட்டுப் பேசுங்க."

அறையில் மின்விசிறி இல்லை, ஏ.சி. இல்லை, மிகவும் அமைதியாக இருந்தது. நெடுஞ்செழியன் மனைவியைப் பார்த்தார். அஸ்வினியைப் பார்த்தார், அவள் கம்ப்யூட்டரில் வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். திரும்பியபோது முகத்தின் கீழ்ப்பாதி சுருங்கியிருந்தது.

"மனிஹ குலம்" என்றார். "நெவுப்பைக் கண்ட நாளுக்கும் சக்கவத்தை உவுட்டிய நாளுக்கும்…"

நெருப்பும் சக்கரமும் குழைந்து வந்தன. ஆனால் டக் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் அஸ்வினி, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

"இப்பதாங்க உங்க கொரலு தனியா கேக்குது" என்றாள் மலர்விழி. கிண்டலாகச் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் பயந்த மாதிரி இருக்குது."

பஸ் நிலையத்துக்கு வரும் வழியில் நெடுஞ்செழியன் பல்லை மாட்டிக்கொண்டுவிட்டார். மாட்டியதும் தெம்பு வந்தது. "இத்தினி நாளா ஏன் சொல்லல?" என்று அதட்டினார்.

"எங்கங்க சொல்றது? நீங்கதான் பேசிக்கினே இருந்தீங்களே."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் விருத்தாசலத்துக்குப் போன் போட்டார். "யோவ், எம்பல்லுல சத்தம் வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷின் இரண்டு மூன்று பக்கம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "மைக்லதான் லேசா இருந்துச்சி தலைவரே" என்றார் விருத்தாசலம் கடைசியாக.

"ராஜ்குமாருக்கு?"

"அவன் விழா அன்னிக்கே சொன்னான். அதுக்குத்தான் தலைவரே அவனயும் நிறுத்திடலாம்னு தீர்மானம் எழுதி வச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

நெடுஞ்செழியன் போனை வைத்துவிட்டு யோசித்தார். விக்கிரவாண்டி வருவதற்குள் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பல் வைத்துக் கொடுத்த மருத்துவர் எந்த ஊர்? செஞ்சிப் பக்கம். செஞ்சியிலிருந்து கண்டாச்சிபுரம் எவ்வளவு தூரம்? அளவைத் தப்பாக எடுத்தது தற்செயலா? இத்தனை வருஷம் ஒரு பேச்சாளனின் வாய்க்குள்ளேயே எதிரியின் ஆள் உட்கார்ந்திருந்திருக்கிறான். மறுபடி போனை எடுத்தார். கண்டனத் தீர்மானம் ஒன்றை விருத்தாசலத்துக்குச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "திட்டமிட்ட சதி… எழுதிட்டியா?… பல் மருத்துவத் துறைக்கே தலைக்குனிவு…" டக் டக் என்றது. முன்சீட்டுக்காரர் இருக்கைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். கண்டக்டர் ஜன்னல் கண்ணாடி ஒன்றை ஆட்டிப் பார்த்து இழுத்துச் சாத்தினார்.

மலர்விழி டோல்கேட்டில் அவித்த மல்லாட்டை வாங்கினாள். ஒன்றை உரித்து அவர் கையில் வைத்தாள். அவர் தீர்மானத்தைச் சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். சென்னையிலிருந்து மகன் கூப்பிட்டான். அவள் ஜன்னலைப் பார்த்தபடி காற்றோடு பேச ஆரம்பித்தாள்.

பல்லுக்கு அளவெடுக்கப் போன அன்று அவளும் கூடப் போயிருந்தாள். மருத்துவர் மெழுகை அவர் வாயில் வைத்து, கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். நெடுஞ்செழியன் பேசிவிட்டார்.